சாமான் குறைஞ்சுது, முடிவெடுக்கிற வேலை கூடிடுச்சு

வீட்டைக் காலி பண்ணிட்டு புள்ளைங்களையும் கூட்டிட்டு ஊர் ஊரா போய் வாழறதுன்னு நாங்க முடிவு பண்ணதுல இருந்து எல்லாரும் கேக்கறது ரெண்டே கேள்விதான். பணத்துக்கு என்ன பண்றீங்க, புள்ளைங்க படிப்பு என்ன ஆகும். ரெண்டும் நியாயமான கேள்வி, ரெண்டுக்கும் கீழ பதில் எழுதியிருக்கேன். ஆனா யாரும் கேக்காத ஒண்ணு இருக்கு, இந்த வாழ்க்கையில உண்மையிலேயே கஷ்டமானதும் அதுதான், அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

சாமானைக் குறைச்சா வாழ்க்கை தானா எளிமை ஆயிடும்னு நெனைக்கிறோம் இல்லையா, அப்படி ஆகறதில்ல. ஒரே வீட்டுல வருஷக்கணக்கா இருக்கும்போது நூறு விஷயம் ஏற்கனவே முடிவாகி இருக்கும். எங்க தூங்கறது, துணி எங்க துவைக்கிறது, நடுராத்திரி காய்ச்சல் வந்தா எந்த டாக்டர், குழாய்த் தண்ணி குடிக்கலாமா கூடாதா, நாளைக்கு மீட்டிங்குக்கு நெட் வருமா, இதெல்லாம் வீட்டுல இருக்கறவங்க மனசுக்குள்ள வரவே வராது. கிளம்பின அன்னைக்கு இவ்வளவும் மொத்தமா திரும்ப நம்ம தலையில வந்து உக்காருது, அதுவும் ஒவ்வொரு ஊருலயும் புதுசா. பொருள் போன இடத்துல முடிவு வந்து நிக்குது. இதைப் புரிஞ்சுக்காம கிளம்பற குடும்பம் சீக்கிரமே களைச்சுப் போய் ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழ ஆரம்பிச்சிடும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

எங்க வீட்டுல இந்தப் பேச்சு வந்ததுக்குக் காரணம் ஊர் சுத்தற ஆசை இல்ல, நேரம்தான். ரெண்டு பேருக்கும் வேலை, புள்ளைங்களுக்கு ஸ்கூலு, அப்புறம் டியூஷன், சனி ஞாயிறு வந்தா வீட்டைத் துடைக்கறது, எதையாவது ரிப்பேர் பாக்கறது, எதையாவது வாங்கப் போறது, வாங்கினதுக்கு இடம் பண்றது. சாமானை வைக்க அலமாரி, அலமாரியை வைக்க இன்னொரு ரூம், அந்த ரூம் இருக்கற வீட்டுக்கு மாசாமாசம் கட்டறதுக்காக இன்னும் கொஞ்சம் வேலைன்னு சுத்திக்கிட்டே இருந்தோம். நாலு பேரும் ஒண்ணா முழிச்சிருக்கற நேரம்னு பாத்தா காலையில அவசரம், ராத்திரி அசதி, அவ்வளவுதான் மிச்சம். என் வீட்டுக்காரரோட ஆபீஸ்ல எங்க இருந்து வேணா வேலை பாக்கலாம்னு முழு அனுமதி குடுத்தப்போ, நானும் ஏற்கனவே வீட்டுல இருந்துதான் கணக்கு வேலை பாத்துட்டு இருந்தேன், அப்போ ஒரு நாள் ராத்திரி அவர்தான் கேட்டாரு, எங்க இருந்தாலும் வேலை செய்யலாம்னா இங்கயேதான் இருக்கணுமா என்னன்னு. நான் உடனே பதில் சொல்லல. அந்தக் கேள்வி மாசக்கணக்கா வீட்டுக்குள்ளயே சுத்திட்டு இருந்துச்சு.

அம்மாகிட்ட சொன்னப்போ "ஏன்டி, நல்லாத்தானே இருக்கீங்க, யாரு என்ன சொன்னா?"ன்னாங்க. அவங்களுக்கு இது ஏதோ பிரச்சனையில இருந்து ஓடற மாதிரி தெரிஞ்சுது. அத்தை, அதாவது அவரோட அம்மா, ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல, அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "வருஷத்துல கொஞ்ச நாளாவது எங்ககூட வந்து இருப்பீங்களாம்மா?" அந்தக் கேள்விதான் எங்க முதல் விதி ஆச்சு. வருஷத்துல ஒரு மாசம் அம்மா வீடு, ஒரு மாசம் அத்தை வீடு, மத்த மாசமெல்லாம் அதைச் சுத்தித்தான் அமையணும். பெரியவங்களை விட்டுட்டுப் போற குற்ற உணர்ச்சியோட கிளம்பினா எந்த ஊரும் நல்லா இருக்காதுங்க.

புள்ளைங்க சம்மதம் அதைவிட முக்கியம். சின்னவன் உடனே சரின்னுட்டான், அவன் வயசுல எல்லாத்துக்கும் சரிதான். பெரியவ மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்க இருக்காங்க, நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டு எங்ககிட்ட சும்மா கேக்கறீங்க"ன்னா. அவ சொன்னதுல தப்பே இல்ல. அதனால எங்களுக்கு இருக்கற அதே ஒரு ஓட்டு அவளுக்கும் இருக்குன்னு எழுதியே குடுத்தோம். வருஷம் முடியும்போது நாலு பேர்ல ஒருத்தர் போதும்னு சொன்னாலும் நிறுத்திடணும், ஏன்னு வாக்குவாதம் பண்ணக் கூடாது. இப்படி ஒரு கதவு திறந்திருக்குன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் அவ வரைபடத்தையே எடுத்துப் பாக்க ஆரம்பிச்சா. குடும்பமா இதைப் பண்ண நெனைக்கறவங்க இந்த இடத்துல அவசரப்படவே கூடாது. பெரியவங்க கனவுக்கு புள்ளைங்களை மூட்டை கட்டிக்கிட்டுப் போறது எனக்குச் சரியாப் படல.

அடுத்தது சாமான். இதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா நிறுத்த முடியாது.

ரிச்சர்ட் தேலர்னு ஒரு பொருளாதார அறிஞர், 2017-ல நோபல் வாங்கினவர், 1980-லயே ஒண்ணு எழுதினாரு, ஒரு பொருள் நம்ம கையில வந்துட்டா அதுக்கு நாம போடற மதிப்பு தானா ஏறிடும்னு. அப்புறம் அவரும் டேனியல் கானமனும் ஜாக் நெட்ஷும் சேர்ந்து 1990-ல வெளியிட்ட ஆய்வுல மாணவர்கள்ல பாதிப்பேருக்கு காபி குடிக்கற கப் குடுத்துட்டு, வச்சிருக்கறவங்க என்ன விலைக்கு விப்பீங்க, இல்லாதவங்க என்ன விலைக்கு வாங்குவீங்கன்னு கேட்டாங்க. விக்கறவங்க கேட்ட விலை வாங்கறவங்க தர்றேன்னதைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கொஞ்ச நேரம் முன்னாடி கைக்கு வந்த கப்புக்கே இந்த நிலைமைன்னா பத்து வருஷமா கூட இருக்கற அலமாரிக்கு எப்படி இருக்கும். இது தெரிஞ்சதுக்கு அப்புறம் நாங்க கேள்விய மாத்திக்கிட்டோம். இதைத் தூக்கிப் போடலாமான்னு கேக்கறதை விட்டுட்டு, இது நம்மகிட்ட இல்லன்னு வச்சுக்கோ, இன்னைக்குக் கடைக்குப் போய் காசு குடுத்து வாங்குவோமான்னு கேட்டோம். பாதி வீடு அந்த ஒரு கேள்வியிலயே காலி ஆச்சு.

மிச்சப் பாதிதான் கஷ்டம். சின்னவன் ஸ்கூல்ல செஞ்ச ஒரு கலங்கரை விளக்கம், அட்டையில செஞ்சது, உச்சியில ஒரு குட்டி எல்ஈடி பல்பு, அடியில பேட்டரி. பெயிண்ட் உரிஞ்சு ஒரு பக்கம் சாஞ்சு நிக்கும். அதைத் தொட்டாலே அழுவான். போட்டோ எடுத்து வச்சுக்கலாம்டான்னு சொன்னேன், வேணாம்னு தலைய ஆட்டிட்டான். ஒரு வாரம் அப்படியே விட்டோம். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அவனே தரையில உக்காந்து அட்டையப் பிரிச்சான், செல்லோ டேப்பை நகத்தால மெதுவா உரிச்சான், பல்பை வயரோட சேத்து அறுபடாம வெளிய எடுத்தான், வயரை விரல்ல சுத்தி பென்சில் பவுச்சுக்குள்ள போட்டான். அட்டைய அவனே மடிச்சு பழைய பேப்பர் கட்டுல கொண்டு போய் வச்சான். இன்னைக்கும் அந்தப் பல்பு அந்தப் பவுச்சுலதான் இருக்கு, ரெண்டு மூணு ஊர்ல அதை வச்சு வேற ஏதேதோ செஞ்சு எரிய விட்டிருக்கான். எதை விடறது எதை வச்சுக்கறதுன்னு புள்ளைங்களே முடிவு பண்ண நேரம் குடுக்கணும், நாம பொறுமை இல்லாம குப்பைக்கூடையத் தூக்கிட்டு நிக்கக் கூடாது.

டிஜிட்டல் சாமானையும் மறக்காதீங்க. போட்டோ, சர்டிபிகேட், மருத்துவ ரிப்போர்ட் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மூணு பிரதி, ரெண்டு விதமான சேமிப்புல, அதுல ஒண்ணு நம்மகூட இல்லாம வேற இடத்துல. கம்ப்யூட்டர்காரங்க ரொம்ப நாளா சொல்ற விதிதான் இது, பயணத்துல இருக்கறவங்களுக்கு இன்னும் கூடுதலாப் பொருந்தும். எங்க ஒரிஜினல் பத்திரமெல்லாம் அத்தை வீட்டு பீரோவுல இருக்கு.

பேக் விஷயம் ஒரு வரியில சொல்லணும்னா, அவங்கவங்க பேக்கை அவங்கவங்க தூக்கணும். நிறைய விமான கம்பெனிகள் கையோட கொண்டு போறதுக்கு 7 கிலோதான் விடறாங்க, நாங்க அதையே எல்லாருக்கும் எல்லையா வச்சுக்கிட்டோம், கூட ஒரே ஒரு பெரிய பெட்டி. பவர் பேங்க் மட்டும் கவனம், அதை அந்தப் பெரிய பெட்டியில போட்டு செக் இன் பண்ணவே கூடாது, கையிலதான் வச்சிருக்கணும், 100 வாட் அவர் வரைக்கும் தனி அனுமதி கேக்கறதில்ல. 20,000 எம்ஏஎச்னு போட்டிருந்தா அது 3.7 வோல்ட் கணக்குல 74 வாட் அவர், கவலை இல்ல.

இப்போ காகித வேலை. எளிமையான வாழ்க்கைன்னு கிளம்பறவங்களை முதல்ல மடக்கறது இதுதான். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லுபடி ஆகணும்னு நிறைய நாடு கேக்கும், புள்ளைங்க பாஸ்போர்ட்டுக்கு பெரும்பாலும் பெரியவங்களுதைவிட ஆயுசு கம்மி, அதனால நாலு பேரோட காலாவதி தேதியையும் ஒரே இடத்துல எழுதி வைக்கணும். அப்பா இல்ல அம்மா யாராவது ஒருத்தர் மட்டும் புள்ளைய கூட்டிட்டு எல்லை தாண்டினா மத்தவரோட சம்மதக் கடிதம் கேக்கற இடம் உண்டு, கையெழுத்துப் போட்டு நோட்டரி முத்திரையோட ஒண்ணு கையில இருக்கறது நல்லது. ஐரோப்பாவுல தங்களுக்குள்ள எல்லைச் சோதனை வேணாம்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்ட ஷெங்கன் நாடுகள் 29, அந்த 29-க்கும் சேத்து ஒரே கணக்குதான், குறுகிய காலத்துக்கு வர்றவங்க எந்த நாள்ல நின்னு திரும்பிப் பாத்தாலும் பின்னாடி இருக்கற 180 நாள்ல 90-க்கு மேல உள்ள இருந்திருக்கக் கூடாது. ஒரு நாட்டை விட்டு பக்கத்து நாட்டுக்குப் போயிட்டா கணக்கு புதுசா ஆரம்பிக்கும்னு நெனைச்சு மாட்டிக்கறவங்க உண்டு, ஆரம்பிக்காது.

வேலை செஞ்சுக்கிட்டே சுத்தறவங்களுக்கு இன்னொரு சிக்கல். சுற்றுலா விசாவுல போய் லேப்டாப்ல வெளிநாட்டு ஆபீஸுக்கு வேலை பாக்கலாமாங்கறது பல நாட்டுல தெளிவா இல்லாத விஷயம். அதுக்குத்தான் 2020-ல எஸ்டோனியா, பார்படோஸ் மாதிரி நாடுகள் இதுக்குன்னே தனி அனுமதி குடுக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் போர்ச்சுகல், ஸ்பெயின், மலேசியான்னு நிறைய பேர் வந்துட்டாங்க. பெரும்பாலும் வருமானத்துக்கு ஆதாரம், மருத்துவக் காப்பீடு, ரெண்டும் கேப்பாங்க. வரி இன்னொரு பக்கம், ஒரு நாட்டுல வருஷத்துக்கு 183 நாளுக்கு மேல இருந்தா நீங்க எங்க ஊர் வரிதாரர்னு பல நாடு எடுத்துக்கும், அதுக்குக் கம்மியா இருந்தாலும் வேற காரணத்துக்காக வரி வரலாம். கணக்கு வேலை பாக்கறவளா நான் சொல்றேன், இதுல நண்பர் சொன்னாரு, வீடியோவுல பாத்தேன்னு இறங்காதீங்க, ரெண்டு நாட்டு வரியும் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரு தடவை காசு குடுத்துக் கேட்டுக்கோங்க.

அப்புறம் ஓடிபி! சின்ன விஷயம் மாதிரி தெரியும், பேங்க்ல இருந்து வர்ற அந்த ஆறு எண் வராம எத்தனை பேர் வேத்து ஊர்ல கையைப் பிசைஞ்சிட்டு நிக்கறாங்க தெரியுமா. சொந்த நம்பரை உயிரோட வச்சிருக்கணும், ரோமிங்ல மெசேஜ் வருதான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்துடணும், முடிஞ்ச இடத்துல எல்லாம், மெசேஜ் இல்லாம போன்லயே அந்த எண்ணைக் காட்டற ஆத்தன்டிகேட்டர் ஆப்புக்கு மாத்திடணும்.

பணம். பயணம் பண்ணா செலவு கூடுமா குறையுமான்னு கேட்டா, வேகத்தைப் பொறுத்தது. பழைய வீட்டையும் வச்சுக்கிட்டு வெளியவும் சுத்தினா ரெட்டைச் செலவு, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலா நிக்க வேண்டியதுதான். வீட்டை விட்டதும் வாடகை, வண்டி, மெயின்டனன்ஸ், வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா எதையாவது வாங்கற பழக்கம், எல்லாமே நின்னுடுது. அதுக்குப் பதிலா டிக்கெட்டும் தங்கற இடமும் பெரிய செலவா வருது. டிக்கெட் செலவு எத்தனை தடவை நகர்றோம்ங்கறதுல இருக்கு. தங்கற இடம் எவ்வளவு நாள் இருக்கோம்ங்கறதுல இருக்கு, 28 நாளுக்கு மேல எடுத்தா மாசக் கணக்குன்னு நல்லாவே குறைச்சுத் தர்ற வீடு நிறைய. ஆக ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான், மெதுவா போறது. அதோட ஆறு மாசச் செலவுக்கான பணமும், நாலு பேரும் வீடு திரும்பற டிக்கெட் காசும் தனியா ஒரு கணக்குல தொடாம இருக்கணும், அது இல்லாம நான் கிளம்பியிருக்க மாட்டேன்.

காப்பீடு எடுக்கும்போது ஒரே ஒரு வரியத் தேடிப் படிங்க, ஒரு பயணம் அதிகபட்சம் எத்தனை நாள்ங்கற வரி. வருஷத்துக்குன்னு விக்கற பாலிசி பலதும் ஒரு பயணத்துக்கு 30 நாள், 60 நாள், 90 நாள்னு எல்லை போட்டிருக்கும். வீடே இல்லாம சுத்தற குடும்பத்துக்கு அது உதவாது, நீண்ட காலப் பயணிகளுக்குன்னு இருக்கறதைத்தான் எடுக்கணும்.

உடம்பு விஷயத்துல எனக்கு பயம் ஜாஸ்தி, அதனால இதுல நான் நிறைய படிச்சேன். தடுப்பூசி அட்டைய ஸ்கேன் பண்ணி வச்சிருக்கோம். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் சில நாட்டுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி சான்றிதழ் கட்டாயம், ஊசி போட்டு 10 நாளுக்கு அப்புறம்தான் அது செல்லும், முன்னாடி 10 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்னு இருந்ததை 2016-ல வாழ்நாளுக்கும் செல்லும்னு மாத்திட்டாங்க. நாய் பூனையப் பாத்தா ஓடிப் போய் கட்டிப் பிடிக்கற புள்ளை இருக்கற வீடுன்னா இதை மனப்பாடமா வச்சுக்கோங்க, கடியோ கீறலோ பட்டா ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி, நாளைக்குப் பாக்கலாம்ங்கற பேச்சே கூடாது. வயித்துப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கிடைக்கலன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எங்க மருந்துப் பை மூடி மேலயே இதை மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன்.

படிப்புக்கு வர்றேன். முதல்ல சட்டம், வீட்டுல படிக்க வைக்கறது எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி இல்ல. ஜெர்மனியில குடியிருக்கற புள்ளைங்க ஸ்கூலுக்குப் போயே ஆகணும், ஃபின்லாந்துல படிப்புதான் கட்டாயம், வீட்டுல படிக்கலாம், ஆனா உள்ளூர் நிர்வாகம் புள்ளை முன்னேறுதான்னு பாக்கும். அதனால நம்ம குடியுரிமை இருக்கற நாடு, குடியிருக்கப் போற நாடு ரெண்டோட விதியும் தெரிஞ்சுக்கணும். பரீட்சைக்கு வழி இருக்கு. கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (கிட்டத்தட்ட நம்ம பத்தாம் வகுப்பு அளவு) மாதிரி தேர்வுகளை எந்த ஸ்கூல்லயும் சேராம தனித்தேர்வராவே எழுதலாம், ஆனா தனியா எழுதறவங்களை ஏத்துக்கற மையத்தைப் பிடிச்சு மாசக்கணக்குல முன்னாடியே பதிவு பண்ணணும், சயின்ஸ்ல லேப் பரீட்சைக்குப் பதிலா பேப்பர்ல எழுதற மாதிரி ஒரு தாளும் இருக்கு.

எங்க வீட்டுல காலையில மூணு மணி நேரம் கணக்கு, மொழி, எழுத்து, இது எந்த ஊரா இருந்தாலும் மாறாது. கணக்குக்கு மட்டும் ஆன்லைன் டீச்சர் இருக்காங்க. மத்தது எல்லாம் இருக்கற இடத்துல இருந்து வருது. பூமத்திய ரேகைகிட்ட இருந்தப்போ சாயங்காலம் சட்டுன்னு இருட்டிப் போறதை சின்னவன் கவனிச்சு ஏன்னு கேட்டான், அதுல இருந்து பூமி சாய்வு, பகல் நீளம், அங்க வருஷம் பூரா கிட்டத்தட்ட 12 மணி நேரம்தான் பகல்னு ஒரு வாரப் பாடம் ஓடுச்சு. பெரியவ பிறையை வரைஞ்சு வைப்பா ஊருக்கு ஊர். வடக்க ஒரு பக்கம் வெளிச்சமா இருந்த பிறை பூமத்திய ரேகைகிட்ட படகு மாதிரி மல்லாந்து கிடந்துச்சு, தெற்கு அரைக்கோளத்துக்குப் போனப்போ எதிர்ப்பக்கம் திரும்பி நின்னுச்சு. தேதியும் ஊரும் போட்டு மூணு படத்தையும் ஒரே பக்கத்துல ஒட்டி வச்சிருக்கா. எந்தப் பாடப்புத்தகத்தையும் நான் குறை சொல்லல, ஆனா இதைத் தானே கண்டுபிடிச்ச புள்ளைக்கு அது மறக்கவே மறக்காது.

படிப்பைவிட எனக்குக் கவலை நட்புதான். ரூத் யூசீம்னு ஒரு சமூகவியலாளர் 1950-கள்லயே வேற நாட்டுல வளர்ற புள்ளைங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி அவங்களை மூணாவது பண்பாட்டுக் குழந்தைகள்னு சொன்னாங்க, பெத்தவங்க ஊர்ப் பழக்கமும் இல்லாம, இருக்கற ஊர்ப் பழக்கமும் முழுசா இல்லாம, நடுவுல இன்னொண்ணு. அவங்களுக்கு அப்புறம் வந்தவங்க எழுதினதுல என்னைத் தைச்சது, இந்தப் புள்ளைங்க திரும்பத் திரும்ப பிரிஞ்சு பிரிஞ்சு அந்தத் துக்கத்தை வெளிய காட்டாமலே பெரியவங்க ஆயிடறாங்கங்கறது. அதைப் படிச்சதுக்கு அப்புறம் ரெண்டு விஷயத்தை விடாம செய்யறோம். ஒண்ணு, பெரியவளோட பழைய ஃப்ரெண்ட்ஸோட வாராவாரம் ஒரே நாள் ஒரே நேரத்துல வீடியோ கால், அந்த நேரத்துல நாங்க பஸ் டிக்கெட் போட மாட்டோம், எவ்வளவு கம்மி விலைக்குக் கிடைச்சாலும் சரி. இன்னொண்ணு, புது ஊரையே தேடிட்டு இருக்காம புள்ளைங்களுக்குப் பழகின ஊருக்கே திரும்பப் போறது. திரும்பப் போனப்போ பக்கத்து வீட்டுப் பையன் சின்னவன் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே ஓடி வந்தான், அதுக்கு மேல எனக்கு எந்தச் சுற்றுலா இடமும் வேணாம்னு தோணுச்சு.

இப்போ முதல்ல சொன்ன முடிவுச் சுமைக்கு வர்றேன். அதுக்கு நாங்க கண்டுபிடிச்சது ஒரு சாதாரண நோட்டு. ஒரு விஷயத்துல ஒரு தடவை நல்லா யோசிச்சு முடிவெடுத்துட்டா அதை நோட்டுல எழுதிடுவோம், அப்புறம் அதைப் பத்தி திரும்பப் பேச்சே கிடையாது. எந்த ஊருக்கும் இருட்டினதுக்கு அப்புறம் போய்ச் சேரக் கூடாது. வேலை நாள்ல இடம் மாறக் கூடாது. எங்கயும் ஒரு மாசத்துக்குக் குறைவா தங்கக் கூடாது, தாத்தா பாட்டியோ ஆஸ்பத்திரியோ காரணமா இருந்தா மட்டும் விலக்கு. வாஷிங் மெஷின் இல்லாத வீடு வேணாம், கதவைச் சாத்திக்கிட்டு மீட்டிங் பேச ஒரு ரூம் இல்லாத வீடும் வேணாம். போய்ச் சேந்த முதல் வாரம் எதையும் சுத்திப் பாக்கறதில்ல. மளிகைக் கடை, மருந்துக் கடை, கிளினிக், நூலகம், புள்ளைங்க விளையாட ஒரு இடம், இந்த அஞ்சும் நடந்து போய்த் தெரிஞ்சுக்கறதுதான் முதல் வார வேலை, அதுல நூலகத்தைக் கண்டுபிடிக்கறது பெரியவ பொறுப்பு. ராத்திரி சாப்பிட்டதும் பாத்திரம் கழுவறது யாருன்னு கூட அந்த நோட்டுலதான் இருக்கு. இப்படி எழுத எழுதத்தான் தலை லேசாச்சு. அதுக்கு அப்புறம்தான் அந்த நேரம், நாங்க எதுக்காக வீட்டை விட்டோமோ அந்த நேரம், உண்மையிலேயே கைக்கு வந்துச்சு. மத்தியானம் வேலை முடிஞ்சு நாலு பேரும் ஒரே இடத்துல உக்காந்து, அவசரமே இல்லாம, ஆளுக்கு ஒரு புத்தகத்தோட, நடு நடுவுல பேசிக்கிட்டு.

ஒரு மாசத்துக்குக் குறையாம தங்கறதுல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதையும் சொல்லியே ஆகணும். எளிமைன்னு சொல்லிக்கிட்டு வாரம் ஒரு விமானம் ஏறறது எளிமை கிடையாது. உலகத்துல மனுஷங்களால வர்ற கார்பன் டை ஆக்சைடுல சுமார் 2.5 சதவீதம் விமானத்துல இருந்து வருது, ஆனா விமானமே ஏறாத ஜனம்தான் உலகத்துல அதிகம், அப்போ ஏறறவங்க பங்கு எவ்வளவுன்னு யோசிச்சுக்கோங்க. நாங்க முடிஞ்ச வரைக்கும் ரயிலு, பஸ்ஸு, கப்பல்னு போறோம், லேட் ஆனா ஆகட்டும். அதே மாதிரி நம்மள மாதிரி வந்து போறவங்களுக்கு விடறதுக்காக வீட்டுக்காரங்க உள்ளூர்க்காரங்களைக் காலி பண்ணச் சொல்ற ஊர்கள் இருக்கு, பார்சிலோனாவுல சுற்றுலா வாடகை வீட்டு அனுமதிகளையே 2028-க்குள்ள முடிச்சுக்கறோம்னு 2024-ல அறிவிச்சாங்க. அதைப் படிச்சப்போ எனக்கு அவங்க பக்கம்தான் நியாயம் தெரிஞ்சுது. அதனால ஊருக்குப் போயிருக்கறவங்க வீட்டையும் அவங்க செல்லப்பிராணியையும் பாத்துக்கிட்டு வாடகை இல்லாம தங்கறது, குடும்பம் குடியிருக்கற வீட்டுலயே மாடி போர்ஷன் எடுக்கறது, இதைத்தான் முதல்ல தேடறோம். எல்லா ஊர்லயும் கிடைக்காது. கிடைக்கற ஊரா பாத்துப் போறோம்.

அம்மா இப்பவும் போன்ல "எப்போ ஒரு இடத்துல உக்காரப் போறீங்க"ன்னு கேப்பாங்க, ஆனா குரல்ல அந்த பயம் இல்ல. முன்னாடி அவங்க எங்க வீட்டுக்கு வந்தா, இருக்கற அரைநாளும் எங்க வேலைக்கும் பேச்சுக்கும் நடுவுல பிச்சுப் போகும், இப்போ நாங்க போய் ஒரு மாசம் முழுசா அவங்ககூட இருக்கோம், புள்ளைங்க அவங்க பக்கத்துலயே படுத்துத் தூங்குது. இது நாங்க எதிர்பாக்காத லாபம்.

இந்த வருஷ ஓட்டெடுப்புல பெரியவ ஒரு கோரிக்கை வச்சா. பரீட்சை வருஷம் நெருங்குது, ரெண்டு வருஷம் ஒரே ஸ்கூல்ல, ஒரே கிளாஸ்ல, தினம் பாக்கற ஃப்ரெண்ட்ஸோட படிக்கணும்னா. சின்னவன் கொஞ்சம் முனகினான். எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதான், அதனால வர்ற கல்வியாண்டுல இருந்து ஒரே ஊர்ல வீடு எடுக்கறோம், எந்த ஊருன்னு தேர்ந்தெடுக்கற உரிமை அவளுக்கு, நாங்க ஏற்கனவே தங்கின ஊர்கள்ல நல்ல ஸ்கூலும் நடந்து போற தூரத்துல நூலகமும் இருக்கறதா ரெண்டு ஊர் பேரை எழுதி வச்சிருக்கா. நோட்டுல புதுசா ஒரு பக்கம் ஆரம்பிச்சிருக்கோம், வீட்டுக்கு எது வாங்கறதா இருந்தாலும் ஒரு மாசம் அது இல்லாம இருந்து பாத்துட்டுத்தான் வாங்கறது, வாடகைக்குக் கிடைக்கறதை வாங்கவே கூடாது, கட்டில் மெத்தைக்கு மட்டும் விலக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பக் கிளம்பறதா இல்லையாங்கறதை அப்போ நாலு பேரும் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிக்குவோம்.